சொம்பு நின்ற உயரம்

யாருடைய வீடு என்று தெரிந்துதான் ஆண்டாயி அந்த வீட்டு நர்ஸ் வேலைக்குப் போனாள். பெரம்பலூர் துறைமங்கலத்தில் புதிதாகக் கட்டிய மாடி வீடு. வீட்டுக்காரர் கலைச்செல்வனுக்கு ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரிகள் ஓடுகின்றன. படுக்கையில் இருப்பது அவருடைய அம்மா பட்டம்மாள், வயது எண்பத்து நாலு. செந்துறைக்குக் கிழக்கே இவர்களுக்கு இருந்த கடலைக் கொல்லையில் ஆண்டாயியின் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் கூலி வேலை செய்திருக்கிறாள்.

அரியலூரில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் ஆண்டாயியின் மகள் வெற்றிச்செல்விக்கு விஷயம் தெரிந்ததும் போன் வந்துவிட்டது.

"வேற சீக்காளியே கெடைக்கலியாம்மா ஒனக்கு?"

"இருக்காங்க. இவங்க அஞ்சு நாளா சாப்புடல. அதனால இவங்க மொதல்ல."

"அந்தக் கெழவி ஒன்னைய எங்க ஒக்கார வச்சுச்சுன்னு மறந்துட்டியா?"

"நான் மறக்கல. அவங்கதான் மறந்துட்டாங்க. அவங்களுக்கு வந்திருக்கறதே மறதி நோய்தான். நீ போயி பேப்பரத் திருத்து."

பட்டம்மாளுக்கு இரண்டு வருஷமாக மறதி. மகனைத் தன் தம்பி என்பாள். மருமகள் அனிதாவை யாரோ வந்துபோகிற பெண் என்பாள். அதெல்லாம் வீட்டுக்குப் பழகிவிட்டது. இப்போது சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் வைத்து இரண்டு நாள் டிரிப் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் வாய்வழியாகச் சாப்பிடவில்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆண்டாயி போனது திங்கட்கிழமை.

குழாய் என்றால் என்ன என்று ஆண்டாயிக்குத் தெரியும். மறதி நோயாளிக்கு அது எதற்கு என்று புரியாது. பிடுங்குவார்கள். மறுபடி போட்டால் மறுபடி பிடுங்குவார்கள். பிறகு இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்ட வேண்டியிருக்கும். நாற்பது வருஷ வேலையில் அப்படி எத்தனையோ கைகளை அவளே கட்டியிருக்கிறாள். இறுக்காமல் கட்டத் தெரியும். அடியில் பஞ்சு வைக்கத் தெரியும். கட்டப்பட்டவர்கள் கடைசிவரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்ததும் தெரியும். இந்தக் கைகளையும் கட்டும்படி ஆகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவள் எண்ணம்.

முதல் நாள் செய்ய வேண்டியதைச் செய்தாள். டார்ச் அடித்து வாயைப் பார்த்தாள்; புண் இல்லை. பல்செட் கடிக்கிறதா என்று கழற்றி மாட்டினாள். மலச்சிக்கல் இருந்தது, அதைச் சரிசெய்தாள். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தி, ஒரு கரண்டிக் கஞ்சியை நாக்கில் வைத்தாள். விழுங்க முடிந்தது. முடியாமல் இல்லை, மாட்டேன் என்கிறாள். இரண்டாவது கரண்டிக்கு உதடு பூட்டிக்கொண்டது.

ஒவ்வொன்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுதினாள். தொடுவதற்கு முன், "அம்மா, கையத் தூக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டாள். நோயாளி எல்லாருமே அவளுக்கு அம்மா, இல்லையென்றால் ஐயா. ஊரில் வேலைக்காரர்கள் பட்டம்மாளைக் குனிந்து நின்று வேறொரு பெயரில் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை ஆண்டாயி வாய்க்குக் கொண்டுவரவில்லை.

இந்தப் பழக்கமெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து இரண்டில் வந்தது. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு வருஷப் பயிற்சி. எட்டுப் பெண்கள், ஓர் ஓட்டுக் கட்டடம், எட்டுப் பாய். பக்கத்துப் பாய் வரதராஜன்பேட்டை தெரசம்மாளுடையது. அவளும் பதினெட்டு, இவளும் பதினெட்டு.

முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் தெரசம்மாள் கூஜாவை எடுத்து, "தண்ணி வேணுமாடி?" என்றாள். எதிரில் டம்ளர் இருந்தது. ஆண்டாயியோ எழுந்து, இரண்டடி தள்ளி, குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

தெரசம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் புரியாமல் இல்லை. அவள் ஊரிலும் தெருக்கள் தனித்தனிதான். "என்னடி, மந்திரிச்ச தண்ணியா வாங்குற?" என்று சொல்லிக் கூஜாவை அப்படியே ஆண்டாயியின் தலையில் கவிழ்த்துவிட்டாள். கூடமே சிரித்தது. ஆண்டாயிக்கு அழுகை வந்தது, பிறகு அவளும் சிரித்தாள்.

அதோடு விடவில்லை. எப்போதெல்லாம் அந்தக் கை குவிந்ததோ அப்போதெல்லாம் தலையில் தண்ணீர். சேலை நனையாத வாரமே இல்லை. "நீ டம்ளரத் தூக்குற வரைக்கும் எனக்கும் வேல, ஒனக்கும் சளி" என்பாள் தெரசம்மாள். சிஸ்டருக்கு விவரம் தெரிந்து இருவருக்கும் கூடத்தைத் துடைக்கும் தண்டனை வந்தது. துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

ஆறாவது மாசம் எட்டுப் பேரையும் ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். ஏறி இறங்கியதில் தாகம். அடிவாரத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டார்கள். அந்த வீட்டுப் பெண் குடத்தோடு வெளியே வந்தாள். ஆண்டாயி பையிலிருந்த டம்ளரை எடுத்து நீட்டினாள், வாங்கினாள், குடித்தாள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் தெரசம்மாள் கேட்டாள்: "இப்ப என்ன பண்ணுன, தெரியுமா?" ஆண்டாயிக்குத் தெரியவில்லை. யோசிக்காமல் செய்துவிட்டிருந்தாள். அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. அந்த நாளின் வெயிலும், கோட்டைச் சுவரில் உட்கார்ந்து தின்ற வெள்ளரிப் பிஞ்சும், தெரசம்மாளின் கிழிந்த செருப்பும் ஆண்டாயிக்கு இன்னும் அப்படியே இருக்கின்றன. நல்ல வருஷம் அது. அதற்குப் பிறகு எவ்வளவோ சம்பாதித்தாள், அவ்வளவு சிரித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்றைக் கவனித்தாள். சாப்பாட்டுத் தட்டு வந்ததும் பட்டம்மாளின் கண் தட்டைப் பார்ப்பதில்லை. பின்கட்டுக் கதவைப் பார்க்கிறது. புதன்கிழமை உதட்டருகே காதை வைத்துக் கேட்டாள்.

"ஆளுவோ குடிச்சாச்சா?"

"என்னங்க்கா சொல்றாங்க?" என்றாள் அனிதா.

"ஆளுங்கல்லாம் கூழு குடிச்சாச்சான்னு கேக்கறாங்க."

அனிதா குனிந்து சத்தமாக, "ஆச்சுங்கத்தே, எல்லாரும் சாப்புட்டாச்சு. நீங்க சாப்புடுங்க" என்றாள். பட்டம்மாள் நம்பவில்லை. உதட்டை மடித்துக்கொண்டாள்.

ஆண்டாயிக்கு விளங்கிவிட்டது. அது அந்த வீட்டு வழக்கம். கடலை ஆய ஆள் வந்த நாட்களில், வீட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்த ஆட்கள் அத்தனை பேரும் குடித்து எழுந்த பிறகுதான் வீட்டுப் பெண் தன் வாயில் பருக்கை வைப்பாள். கட்டிக்கொண்டு வந்த பதினாறு வயதில் மாமியார் பழக்கியிருக்க வேண்டும். பட்டம்மாள் அறுபது வருஷம் அதைத் தவறவில்லை. ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆண்டாயியின் அம்மா மட்டும், "நம்ம பசி தீந்தாதானே வெரசா கொல்லைக்குத் திரும்புவோம்" என்பாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எப்படியோ, பெயரெல்லாம் போன தலையில் இது போகவில்லை. ஆட்கள் குடிக்கவில்லை, அதனால் அவள் உண்ணமாட்டாள். இப்போது ஆளும் கிடையாது, கொல்லையும் கிடையாது; விற்று ஒன்பது வருஷம் ஆகிறது.

அன்று மத்தியானம் ஆண்டாயி தன் தட்டைக் கொண்டுவந்து பட்டம்மாளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "பாத்தீங்களாம்மா, நான் சாப்புட்டேன்." பட்டம்மாள் அவளைத் தாண்டி கதவைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தட்டில் சாப்பிடுகிறவள் அவள் கணக்கில் ஆள் இல்லை.

வியாழக்கிழமை காலை பின்கட்டில் வெயில் படட்டும் என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். பட்டம்மாளுக்கு மடியில் ஏதாவது ஒரு பாத்திரம் இருந்தால் கை அலையாது. தண்ணீரோடு ஒரு எவர்சில்வர் சொம்பைக் கொடுத்துவிட்டு, கீழே குந்தி அவளுடைய கால் நகத்தை வெட்டத் தொடங்கினாள். அனிதா மாமியார் வெயில் காய்வதை வெளியூரில் இருக்கும் தன் மகளுக்கு அனுப்ப போனில் வீடியோப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, வெயில்ல வந்திருக்க. தண்ணி குடி."

தெளிவான குரல். ஆண்டாயி நிமிர்ந்தாள். பட்டம்மாளின் கை சொம்போடு மேலே போயிருந்தது. ஆண்டாயியின் தலைக்கு ஒரு முழம் மேலே, தன் தோளுக்கு நேராக, நடுங்காமல் நின்றது. மகனைத் தெரியாத கைக்கு அந்த உயரம் தெரிந்திருந்தது.

நகவெட்டி தரையில் விழுந்தது. ஆண்டாயியின் இரண்டு கையும் குவிந்து வாயருகே போய்விட்டன. நாற்பது வருஷம் ஊசி பிடித்த கை, குழந்தை ஏந்திய கை, ஒரு கணம்கூட அவளைக் கேட்கவில்லை. தண்ணீர் விழுந்தது. குடித்தாள். மிச்சம் முழங்கை வழியாக ஓடி ரவிக்கையை நனைத்தது.

ஏழு வயதில் ஒருமுறை இப்படிக் குடிக்கும்போது தாகம் தாங்காமல் எம்பிவிட்டாள். மேலுதடு சொம்பில் பட்டுவிட்டது. பட்டம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அடித்தது அம்மாதான். எல்லார் முன்னாலும் முதுகில் ஓங்கி ஓர் அறை. வீட்டுக்கு வந்த பிறகு அந்த இடத்தில் அம்மாவே எண்ணெய் தடவினாள். "ஒனக்குப் பழகணும்டி. எல்லா எடத்துலயும் நான் இருப்பனா?" என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"போதுமா?" என்றாள் பட்டம்மாள்.

"போதும்."

பட்டம்மாள் சொம்பைத் தாழ்த்தித் தானே ஒரு வாய் குடித்தாள். ஆண்டாயி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தாடையைத் தாழ்த்தி, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள். ஆறு கரண்டி உள்ளே போனது.

"ஐயோ சாப்புட்டுட்டாங்க்கா!" அனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டொம்பது நாளு கழிச்சு இப்பத்தான். இருங்க, இத அவருக்கும் டாக்டருக்கும் அனுப்பறேன்." எடுத்த படத்தை ஓடவிட்டுப் பார்த்தாள். பாதியில் அவள் முகம் மாறியது. முதலிலிருந்து இன்னொருமுறை பார்த்தாள். ஆண்டாயியைப் பார்க்காமல் படத்தை அழித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "நாளைக்கி நீங்க வேணாங்க்கா. நான் கீழ ஒக்காந்துக்கறேன்."

"ஒக்காந்து பாருங்களேன். இப்பவேதான் பாருங்க."

அனிதா சுடிதாரோடு தரையில் குந்தி இரண்டு கையையும் நீட்டினாள். பட்டம்மாள் மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்திரிடி! வூட்டுக்கு வாக்கப்பட்டவ தரையில குந்திக் கையேந்துனா ஊரு என்ன பேசும்? போ, அடுப்பப் பாரு."

அனிதா எழுந்து நின்றாள். "என்னைய மருமவளுன்னு இன்னிக்குத்தாங்க்கா தெரிஞ்சிருக்கு" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் ஆண்டாயி வரதராஜன்பேட்டைக்கு போன் போட்டாள். தெரசம்மாள் மூட்டு தேய்ந்து வெளியே போகாமல் இருக்கிறாள். வாய் தேயவில்லை.

"கைய ஏந்துனா சாப்புடுறாங்க. தட்டுல தின்னா மூஞ்சத் திருப்புறாங்க. சனிக்கெழமைக்கு ஒரு நாளுதான் இருக்கு" என்றாள் ஆண்டாயி.

"ஏந்திட்டுப் போயேண்டி. பீ மூத்திரமே அள்ளியிருக்கோம். இது தண்ணிதானே."

"பீ அள்ளுனா கை கழுவிக்கலாம். இத என்னா பண்றது?"

"சரி, அந்தம்மாவுக்கு எதெது வேணும்னு பாத்தியா? எல்லாமும் வேணுமா, இல்ல ஒன்னு ரெண்டு போதுமா? மாத்திரைய ஒவ்வொன்னா நிறுத்திப் பாக்கறதில்லியா, அப்பிடிப் பாரு."

இரவு படுக்கப் போகும் முன் ஆண்டாயி நோட்டில் எழுதிப் பார்த்தாள். எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும். நாற்காலியைவிடத் தாழ்வாக. பட்டம்மாளின் கையிலிருந்து தண்ணீர் போக வேண்டும். ‘போதும்’ என்ற சொல் காதில் விழ வேண்டும். அதற்குக் கீழே ‘உயரம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதே பின்கட்டு. ஆண்டாயி தரையில் குந்தவில்லை. துணி துவைக்கும் முக்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்தாள். வாயகன்ற டம்ளர் ஒன்றை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஏந்திப் பிடித்தாள். அனிதா கஞ்சிக் கிண்ணத்தோடு கதவோரம் நின்றாள்.

சொம்பு மேலே போனது. அங்கேயே நின்றது. தண்ணீர் வரவில்லை. பட்டம்மாளின் கண் டம்ளரையும் ஆண்டாயியையும் மாறி மாறிப் பார்த்தது. கீழே குவிந்த கை இல்லை. அதற்கு என்ன செய்வது என்று அந்தக் கைக்கு யாரும் பழக்கவில்லை. நேரம் போனது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஏந்திவிடலாம்; ஒரு நொடி வேலை. அரைக் கிண்ணம் கஞ்சி போகும். ஆண்டாயியின் விரல்கள் இரண்டு முறை தாமாகவே தளர்ந்தன. இரண்டு முறையும் டம்ளரை இறுக்கிப் பிடித்தாள்.

"ஊத்துங்கம்மா. நாக்கு வறளுது" என்றாள். கெஞ்சவில்லை. வார்டில் நர்சிடம் சாமான் கேட்கிற குரல்.

தாகம் என்று கேட்டவருக்கு இல்லை என்று சொல்லவும் அந்தக் கைக்குப் பழக்கமில்லை. சாய்ந்தது. பாதித் தண்ணீர் வெளியே சிதறியது. பட்டம்மாளுக்கு அது பொறுக்கவில்லை; தண்ணீர் வீணாகிற வீட்டில் வளர்ந்தவள் இல்லை அவள். சிந்தாமல் ஊற்றுவதற்காகச் சொம்பைக் கொஞ்சம் இறக்கினாள். கை தளர்ந்துபோயிருந்தது, இன்னும் இறங்கியது. டம்ளர் விளிம்பில் சொம்பின் வாய் வந்து உட்கார்ந்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்குப் பட்டம்மாள் முகம் சுளித்தாள். ஆண்டாயி டம்ளரை அசைக்காமல் பிடித்திருந்தாள். சொம்பு எழும்பவில்லை. டம்ளரில் சாய்ந்துகொண்டு ஊற்றுவது கைக்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும்.

"போதுமா?"

அந்தக் கொல்லைப்புறத்தில் இதற்குப் பத்தாது என்று பதில் சொன்னவர் யாரும் இல்லை. வயிறு காய்ந்து கிடந்தாலும் போதும் என்றுதான் சொல்வார்கள். அதுவும் பழக்கியதுதான்.

"பத்தாது. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

பட்டம்மாள் ஊற்றினாள். டம்ளர் நிறைந்து வழிந்தது. ஆண்டாயி முழுவதையும் நிதானமாகக் குடித்துவிட்டு, "இப்பப் போதும்மா. நீங்க சாப்புடுங்க" என்றாள். பட்டம்மாள் வாயைத் திறந்தாள். நேற்றைவிட இரண்டு கரண்டி அதிகம். மத்தியானம் மறுபடி செய்தார்கள்; இந்தமுறை சொம்பு அவ்வளவு மேலே போகவில்லை. சாயங்காலம் கஞ்சியோடு மசித்த பருப்பும் போனது.

சனிக்கிழமை காலை டாக்டர் நோட்டைப் பார்த்தார். குழாய் இப்போதைக்கு வேண்டாம், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். "என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். "கூட ஒக்காந்து தண்ணி குடிச்சேன் சார்" என்றாள் ஆண்டாயி. அவர் எழுதிக்கொள்ளவில்லை.

பத்தரை மணிக்கு வெற்றிச்செல்வி கூப்பிட்டாள். ஆண்டாயி மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

"கைய ஏந்துனியாம்மா?"

"வியாழக்கெழம ஏந்துனேன். நேத்தியிலேருந்து ஏந்தல."

வைத்துவிட்டாளோ என்று ஆண்டாயி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"சாப்புடுதா?" என்றாள் மகள்.

"சாப்புடுறாங்களான்னு கேளு. சீக்காளி அவங்க."

"சரி. சாப்புடுறாங்களா?"

"காலையில அரக் கிண்ணம்."

"அரதானா? மிச்சத்த எப்ப குடுப்ப?"

"பதினோரு மணிக்கு. வையி, நேரமாச்சு."